தவில் ஓசை வீட்டுக்குள் வருமா?

ஒலிபெருக்கி வாங்கப் போகிறவர்கள் படிக்க வேண்டிய விவரம்

"என் இடது கை எங்கேடா?"

இப்படிக் கேட்டார் என் தாய்மாமன்.

அவர் தவில் வித்துவான். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். 40 ஆண்டுகள் கோவில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசித்தவர். 4 ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. தவில் பரண் மேல் ஏறிவிட்டது.

2009-ல் ஒரு கோவில் திருவிழாவில் அவர் வாசித்தார். மைக் செட் போட்டவர் தவிலுக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்து, அதை அப்படியே பதிவு செய்து சி.டி.யாகக் கொடுத்தார். மாமாவின் வாசிப்புக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மாமா மகன் ஆசையாக ஒரு சின்ன புளூடூத் ஒலிபெருக்கி வாங்கி வந்தான். அந்தப் பதிவைப் போட்டான். மாமா கேட்டார். முகம் சுருங்கியது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தவிலில் வலது கை விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள். அது 'டக டக' என்று கணீரென்று ஒலிக்கும். இடது கையில் பூவரசங்குச்சி. அந்தப் பக்கத்துத் தோல் தளர்ந்திருக்கும். அடித்தால் 'தொம்' என்று வயிற்றில் இறங்கும்.

ஒலிபெருக்கியில் 'டக டக' வந்தது. 'தொம்' வரவில்லை. வாதத்தால் போன கை, பெட்டியிலும் போய்விட்டது!

மகன் விடவில்லை. அடுத்த மாதம் பெரிய கடைக்குப் போனான். டெலிவிஷனுக்கு அடியில் வைக்கும் 'சவுண்ட் பார்' ஒன்று வாங்கினான். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் '1000 வாட்' என்று போட்டிருந்தது. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று.

இப்போது 'தொம்' வந்தது. ஆனால் எல்லா அடிக்கும் ஒரே 'தொம்'! அடித்து முடித்த பிறகும் 'ம்ம்ம்' என்று இழுத்தது.

"இது தவில் இல்லையப்பா. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்" என்றார் மாமா.

பணம் போனது. தவில் வரவில்லை. ஏன்?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் கதை.

மெலிந்த டெலிவிஷன்

முன்பு டெலிவிஷன் பெட்டி பெட்டியாகவே இருந்தது. இப்போது படம் மாட்டுவது போல் சுவரில் மாட்டுகிறோம். திரை பெரிதாயிற்று. உடம்பு மெலிந்தது.

ஒலிபெருக்கிக்கு அதில் இடம் ஏது? கையகலத்துக்கும் சிறிய ஒலிபெருக்கிகளைப் பின்புறமோ அடிப்புறமோ பார்த்துத் திணிக்கிறார்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகிறது.

படம் பிரமாதம். பேச்சு புரியவில்லை. பறை அடித்தால் அட்டை தட்டுவது போல் இருக்கிறது. அதனால்தான் மக்கள் தனியாக ஒலிபெருக்கி தேடிக் கடைக்குப் போகிறார்கள்.

கடையில் இருப்பவர் மூன்று விஷயம் சொல்வார். எத்தனை வாட், எத்தனை விளக்கு எரியும், எத்தனை தள்ளுபடி. தோல் வாத்தியம் எப்படிக் கேட்கும் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பாட்டைவிட, வீணையைவிட, தோல் வாத்தியம்தான் ஒலிபெருக்கிக்குக் கடினமான பரீட்சை. அதில் தேறினால் மற்றவை தானே தேறிவிடும். அது ஏன் என்று பார்ப்போம்.

ஓர் அடியில் மூன்று ஒலி

தவிலில் ஓர் அடி விழுகிறது. நம் காதுக்கு அது ஒரே சத்தம். உண்மையில் அதில் மூன்று பகுதி இருக்கிறது.

முதலில், கூடோ குச்சியோ தோலில் படும் 'டக்'. இது கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. மிகக் கூர்மையான ஒலி.

அடுத்து, தோலும் உள்ளே உள்ள காற்றும் சேர்ந்து அதிரும் 'தொம்'. இது தாழ்ந்த ஒலி.

கடைசியில் நிசப்தம். வித்துவான் கையை வைத்துத் தோலை அடக்குகிறார். ஒலி சட்டென்று நிற்கிறது. நிற்பதும் வாசிப்புதான்!

'டக்' தாமதித்தால் அடி மழுங்கும். 'தொம்' வராவிட்டால் தகரம் ஆகும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் தாளமே குழம்பும்.

மாமா வீட்டில் முதல் பெட்டி இரண்டாவதில் தோற்றது. அடுத்த பெட்டி மூன்றாவதில் தோற்றது.

ராமன் சொன்ன விளக்கம்

நம் தோல் வாத்தியங்களைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சர் சி.வி.ராமன். திருச்சியில் 1888-ல் பிறந்தவர். 1930-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசு ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அதற்கு முன்பே மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்தார். சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் கட்டுரை வெளியிட்டார். 1934-ல் இன்னொரு நீண்ட கட்டுரை எழுதினார்.

அவர் சொன்னது என்ன?

சாதாரண முரசை அடித்தால் பல ஒலிகள் கிளம்பும். அவை ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதனால் அது சத்தம், சுருதி அல்ல.

மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டமாகச் சாதம் பூசியிருக்கிறது அல்லவா? அந்தக் கனம் தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது. முதல் ஒலி வினாடிக்கு இத்தனை அதிர்வு என்றால், மற்றவை அதைப் போல் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு, 5 மடங்கு என்று வரிசையாக நிற்கின்றன. தந்தி வாத்தியத்தில் வருவது போல! அதனால்தான் மிருதங்கம் பாட்டோடு சுருதி சேர்கிறது.

இந்தப் பூச்சைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஏட்டில் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தோல் பதப்படுத்திய தொழிலாளர் கை அது.

ஒலிபெருக்கி வாங்குபவருக்கு இதில் பாடம் உண்டு. இந்த 5 ஒலியும் அதே அளவில், அதே வரிசையில் வெளியே வர வேண்டும். ஒன்றை அமுக்கி ஒன்றைத் தூக்கினால் மிருதங்கம் சுருதி இழந்து வெறும் மத்தளமாகிவிடும்.

காது செய்யும் தந்திரம்

"செல்போனில் கேட்டாலும் தவில் தவில் மாதிரிதானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

பழைய டெலிபோன் கம்பி வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரை உள்ள ஒலியைத்தான் கொண்டுபோகும். ஆண் குரலின் அடி ஒலியோ 100 அதிர்வுக்கு அக்கம்பக்கம். அது கம்பியில் போகவே போகாது. ஆனாலும் அண்ணன் பேசினால் அண்ணன் என்று தெரிகிறதே!

காரணம், மேலே உள்ள ஒலிகளைக் கேட்டு, கீழே விட்டுப்போன ஒலியை மூளை தானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறது. செல்போனில் தவில் கேட்பதும் அப்படித்தான். பாதி கேட்கிறோம். மீதி நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் தவிலை நேரில் கேட்டவர்தான் அப்படி நினைத்துக்கொள்ள முடியும். கேட்காத குழந்தை எதை நினைக்கும்? அதற்கு அந்த 'டக டக'தான் தவில். கோவிலுக்கும் கச்சேரிக்கும் போகாமல் போனிலேயே பாட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்!

கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

கூம்பின் கஷ்டம்

ஒலிபெருக்கிக்குள் ஒரு கூம்பு இருக்கிறது. காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. அதன் பின்னால் கம்பிச்சுருள். சுற்றிலும் காந்தம். மின்சாரம் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் ஓடுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அதுதான் சத்தம்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். 100 ஆண்டு ஆகியும் பெரும்பாலான ஒலிபெருக்கி இந்த முறையில்தான் வேலை செய்கிறது. செல்போனுக்குள் இருப்பதும் அதன் பேரப்பிள்ளைதான்.

கூம்புக்குத் தாழ்ந்த ஒலி என்றால் கஷ்டம்.

வினாடிக்கு 100 தடவை அதிரும் ஓர் ஒலியைக் கூம்பு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பலத்தில் 50 தடவை அதிரும் ஒலியைத் தர வேண்டுமானால், கூம்பு 4 மடங்கு தூரம் ஓட வேண்டும். சின்னக் கூம்பு அவ்வளவு ஓட முடியாது. அப்படியானால் பெரிய கூம்பு வேண்டும். 4 அங்குலக் கூம்பைவிட 8 அங்குலக் கூம்புக்கு 4 மடங்கு பரப்பு. அது கொஞ்சம் அசைந்தாலே போதும்.

உள்ளங்கையில் அடங்கும் ஒலிபெருக்கியில் 'தொம்' எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா? இயற்கையை ஏமாற்ற முடியாது.

சரி, 'ம்ம்ம்' என்று இழுத்தது ஏன்?

சில பெட்டிகளில் ஒரு துளை வைத்திருப்பார்கள். பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கும் அல்லவா? அதே தத்துவம். துளையில் உள்ள காற்று ஒரு குறிப்பிட்ட ஒலியில் அதிர்ந்து கூம்புக்குத் துணை செய்யும். கணக்காகச் செய்தால் நல்ல துணை. விலையைக் குறைக்க அவசரமாகச் செய்தால், வித்துவான் கையெடுத்த பிறகும் காற்று தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கும். எந்த அடி விழுந்தாலும் அதே 'பூம்'தான் வரும்.

துளை இல்லாத மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் குறைவு. ஆனால் சட்டென்று நிற்கும். 'தொம்' அதிகம் வேண்டுமா, நிறுத்தம் சுத்தமாக வேண்டுமா என்றால், தாளம் தெரிந்தவர் நிறுத்தத்தைத்தான் கேட்பார்.

வாட் மயக்கம்

இனி, அட்டைப் பெட்டியில் போட்ட '1000 வாட்' விவகாரத்துக்கு வருவோம்.

வாட் என்பது பலம். ஆனால் எந்த நேரத்துப் பலம்? ஒரு நொடியின் சிறு பகுதியில் மூச்சைப் பிடித்துத் தருவதும் பலம்தான். மணிக்கணக்கில் சளைக்காமல் தருவதும் பலம்தான். முதல் கணக்கைப் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள். இரண்டாவதை 'ஆர்.எம்.எஸ்.' என்பார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்.

அமெரிக்காவில் இந்த வாட் புளுகு தாங்காமல், 1974-லேயே ஒலிபெருக்கும் கருவிகளுக்கு அளவு சொல்லும் முறையை அரசு விதியாகப் போட்டது.

நாமும் ஒரு சோதனை செய்யலாம். கருவியின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று போட்டிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் கருவி, 1000 வாட்டை நீடித்துத் தர முடியுமா? கால்படி அரிசி போட்டு மூட்டைச் சோறு வடிக்கிற கதைதான்.

அப்படியானால் வாட் தேவையே இல்லையா? தேவை. தோல் வாத்தியத்துக்கு மிகவும் தேவை.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சத்தம் 10 டெசிபல் ஏற, 10 மடங்கு வாட் வேண்டும். 20 டெசிபல் ஏற, 100 மடங்கு வேண்டும்.

பாட்டு சாதாரணமாகப் போகும்போது 1 வாட் போதும் என்று வைப்போம். திடீரென்று ஓர் அடி 20 டெசிபல் மேலே எழுகிறது. அந்தக் கணத்தில் 100 வாட் வேண்டும்! கருவியில் அது இல்லையென்றால், அடியின் உச்சியைக் கத்தரித்துவிடும். கோபுரத்தின் கலசத்தை வெட்டிவிட்டு மொட்டைக் கோபுரம் காட்டுவது போல.

இன்னொரு சங்கதி. ஒலிபெருக்கிக்கு 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 84 என்றோ 90 என்றோ இருக்கும். வாங்கிய மின்சாரத்தை எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பதற்கான அளவு இது. 84-க்கும் 90-க்கும் 6 தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 84 எண் உள்ளதற்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 90 எண் உள்ளதற்கு 25 வாட்டிலேயே வந்துவிடும். இந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறவர் குறைவு. கேட்டுப் பாருங்கள்.

பதிவிலேயே அமுக்கம்

எல்லாப் பழியையும் பெட்டி மேல் போடுவது நியாயம் அல்ல. பதிவு செய்கிறவர்களும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர் பாட்டைவிடத் தங்கள் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குள் போட்டி. அதற்காக மெல்லிய ஒலியை ஏற்றி, பலத்த அடியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குகிறார்கள். 2008-ல் 'மெட்டாலிக்கா' என்ற அமெரிக்க வாத்தியக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' இசைத்தட்டு வந்தபோது, இப்படி அமுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள்.

அமுக்கிய பதிவை லட்ச ரூபாய்ப் பெட்டியில் போட்டாலும் அடி எழாது.

மெல்ல வாசிப்பதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள இடைவெளிதான் தோல் வாத்தியத்தின் உயிர். மைக் செட்டே அந்த உயிரைக் கெடுக்கிறது என்று நினைத்தவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர் (1912–1981). மைக் இல்லாமல்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது சங்கீத உலகம் அறிந்த செய்தி.

நல்ல பதிவுக்கு ஓர் உதாரணமும் சொல்ல வேண்டும். 1991-ல் மிக்கி ஹார்ட் என்பவர் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். நைஜீரியா, பிரேசில், இந்தியா என்று பல நாட்டுத் தாள வித்துவான்கள் அதில் வாசித்தார்கள். நம் கடம் வித்துவான் விக்கு விநாயகராமும், தபலா ஜாகிர் உசேனும் அதில் உண்டு. கிராமி பரிசு பெற்ற தட்டு. கடைக்குப் போகும்போது போட்டுப் பார்க்க ஏற்றது.

அறையும் ஒரு வாத்தியம்

நல்ல பெட்டி, நல்ல பதிவு. இரண்டும் வாங்கியாயிற்று. வீட்டில் வைத்தால் கடையில் கேட்டது போல் இல்லை. ஏன்?

அறை! ஒலிபெருக்கி பாதி, அறை பாதி.

இன்றைய வீடுகளில் தரை வழவழப்பான ஓடு. சுவர் சிமெண்டு. ஜன்னல் கண்ணாடி. சத்தம் போய் மோதி, பந்து போலத் திரும்பி வருகிறது. முதல் அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுகிறது. எல்லாம் கலந்து கூழாகிவிடுகிறது.

அறை நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டப்' என்று நின்றால் நல்ல அறை. 'டப்ர்ர்ர்' என்று இழுத்தால் மருந்து வேண்டும்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தரையில் ஜமக்காளம். ஜன்னலுக்குக் கனத்த திரை. சுவரோரம் புத்தக அலமாரி. துணி வைத்த மெத்தை நாற்காலி. இவை சத்தத்தைக் குடித்துவிடும். இதற்குப் பெரிய செலவில்லை.

தாழ்ந்த ஒலிக்கு ஜமக்காளம் போதாது. 50 அதிர்வு ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதாவது 22 அடிக்கு மேல்! நம் அறையோ 12 அடி. அலைக்கு உள்ளே திரும்பவே இடமில்லை. அது சுவரோரத்தில் குவிகிறது. நடுவில் மெலிகிறது. ஒரே அறையில் அப்பா உட்காரும் இடத்தில் 'தொம்' பலமாகக் கேட்கும். அம்மா உட்காரும் இடத்தில் காணாமல் போகும்.

அதனால் பெட்டியை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். மூலையில் தாழ்ந்த ஒலி வீங்கும். சுவரிலிருந்து ஒன்று, இரண்டு அடி முன்னால் தள்ளுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள தூரமும், நீங்கள் உட்காரும் தூரமும் சமமாக இருக்கட்டும். கூர்மையான ஒலி தரும் சின்னக் கூம்பு உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும்.

தாழ்ந்த ஒலிக்கென்று தனிப்பெட்டி (சப் ஊஃபர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான வழி. பெட்டியை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பாட்டைப் போடுங்கள். நீங்கள் தரையில் தவழ்ந்து அறையைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் 'தொம்' அளவாகவும் சுத்தமாகவும் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்காருங்கள். குழந்தைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பலன் உண்டு.

மாமா கடைக்குப் போனார்

இந்த விவரங்களை எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, மாமாவையே கடைக்கு அழைத்துப் போனோம். கையில் அந்த 2009 சி.டி.

கடைப் பையன் முதலில் தன்னிடம் இருந்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். கடை அதிர்ந்தது.

"தம்பி, அதை நிறுத்து. இதைப் போடு" என்றார் மாமா.

பையன் சத்தத்தை ஏற்றப் போனான். "ஏற்றாதே. மெதுவாக வை" என்றார்.

பையன் முழித்தான். மாமா சொன்னார்: "சத்தமாக வைத்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். மெதுவாக வைத்தால்தான் யோக்கியதை தெரியும்."

விஞ்ஞானிகள் சொல்வதும் இதுதான். இரண்டு பெட்டிகளில் சத்தம் கொஞ்சம் கூடுதலானதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். அதனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்க வேண்டும்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடையில் தாளம் போட்டது. ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டார். 'பாஸ் பூஸ்ட்' என்ற பொத்தானை அணைக்கச் சொன்னோம். ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவர் கவனித்ததைப் பிறகு எங்களிடம் சொன்னார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்:

1. வலது கையும் இடது கையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

2. கை வைத்து அடக்கிய இடத்தில் ஒலி நிற்க வேண்டும்.

3. இடது பக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு குரல். எல்லாம் ஒரே 'தொம்' என்றால் பெட்டி பொய் சொல்கிறது.

4. நாதஸ்வரம் சேர்ந்து வரும்போதும் தவில் அமுங்கக் கூடாது.

5. அரைமணி கேட்டும் காது வலிக்கக் கூடாது.

கடைசியில் மாமா தேர்ந்தெடுத்தது பெரிய பெட்டியும் அல்ல. விளக்கு எரியும் பெட்டியும் அல்ல. ஒரு மூலையில் தூசி படிந்திருந்த கறுப்பு ஜோடி. யாரோ கொடுத்துவிட்டு வேறு வாங்கிப் போன பழைய பெட்டிகள். பின்புறத்தில் 60 வாட் என்றுதான் போட்டிருந்தது. முன்பு தொலைத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

நீங்களும் பழைய பெட்டிகளைப் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள். கூம்பின் விளிம்பில் பஞ்சு போன்ற வளையம் இருந்தால், நாளாக ஆக உளுத்து உதிர்ந்துவிடும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும்.

பணம் குறைவாக உள்ளவர்கள் ஒன்று நினைவில் வைக்கலாம். அதே பணத்தில் ஐந்தாறு குட்டிப் பெட்டிகள் வாங்குவதைவிட, இரண்டு நல்ல பெட்டிகள் வாங்குவது மேல். தாழ்ந்த ஒலிப்பெட்டி வேண்டுமானால் அடுத்த தீபாவளிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

காதும் பக்கத்து வீடும்

"நேரில் கேட்பது போல் வேண்டும்" என்றால் நேரில் உள்ள சத்தம் முழுவதும் வேண்டும் என்று அர்த்தம் அல்ல. அது ஆபத்து.

பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போன காது திரும்பி வராது. காதுக்குள் ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு தூங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் அளவு. நம் வீட்டுப் பெட்டியின் சத்தம் நம் வீட்டு எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது.

பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். கைக்குழந்தை இருக்கும். தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துப் போகும் என்பது நினைவிருக்கட்டும்.

நல்ல ஒலிபெருக்கியின் பெருமையே இதுதான். மெதுவாக வைத்தாலும் அடியின் உருவம் கெடாது. சத்தம் போட்டால்தான் தவில் கேட்கும் என்றால், அந்தப் பெட்டியில் கோளாறு.

முதல் பாடம் எங்கே?

கடையிலிருந்து திரும்பும் வழியில் மாமாவிடம் கேட்டேன்: "ஊரில் எல்லோருக்கும் உங்களைப் போல் காது இருக்குமா, மாமா? அவர்கள் எப்படிப் பெட்டி வாங்குவது?"

"ஒரு தடவை கோவிலுக்குப் போய்த் தவிலுக்குப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லு, மாப்பிள்ளை. பிறகு கடைக்குப் போகட்டும். அசலைப் பார்க்காதவனுக்கு நகலில் என்ன தெரியும்?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எந்தப் பெட்டியும் தவிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாது. தவிலின் நினைவைத்தான் கொண்டுவரும். நினைவு இருந்தால்தானே வரும்? பெட்டி வாங்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, பிள்ளைகளைத் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் அழைத்துப் போங்கள். பறை அடிக்கும் இடத்தில், அடிப்பவர் அதை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவதைக் காட்டுங்கள். வாசிக்கும் வித்துவான்களுக்கும் அது பிழைப்பு.

அன்று சாயங்காலம் மாமா வீட்டில் பெட்டிகளை வைத்தோம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. தரையில் ஜமக்காளம். ஜன்னலில் அத்தையின் பழைய பட்டுப்புடவை திரையாயிற்று.

சி.டி.யைப் போட்டோம். சத்தம் அதிகம் இல்லை. வாசலில் நின்றால் கேட்காது.

வலது கை பேசியது. இடது கை பதில் சொன்னது. அடித்தது; அடங்கியது; மறுபடி எழுந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது.

"வந்துவிட்டது" என்றார்.